போர்க்காலப் பரப்புரையும் மக்கள் கருத்தும்: இரண்டாம் உலகப் போரில் மதுரை வட்டாரம்

போரில் ஈடுபட்டுள்ள ஓர் அரசோ இயக்கமோ மக்களின் எண்ணத்தையும் உணர்ச்சியையும் தன் பக்கம் திருப்புவதற்காகச் செய்திகள், படங்கள், பாடல்கள், பேச்சுகள் ஆகியவற்றைத் திட்டமிட்டுப் பரப்புவது போர்க்காலப் பரப்புரை எனப்படும். பேச்சுவழக்கில் இதைப் பிரச்சாரம் என்பர். போர் நடத்தப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், இழப்புகளைத் தாங்கும் பொறுமையும் வேண்டும். இம்மூன்றையும் மக்களிடமிருந்தே பெற வேண்டியிருப்பதால், போர்க்களத்துக்கு வெளியே மக்கள் மனத்திலும் ஒரு போர் நடக்கிறது.

பரப்புரை என்றதும் ஹிட்லரின் ஜெர்மனியும் அதன் பரப்புரை அமைச்சர் கோயபல்சும்தான் மாணவர்களின் நினைவுக்கு வருவது வழக்கம். ஆனால் 1939 முதல் 1945 வரை மதுரையும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களும் பரப்புரையின் இலக்காகவே இருந்தன. ஒரே போரைப் பற்றி மூன்று குரல்கள் இவ்வட்டாரத்தை நோக்கி வந்தன. முதலாவது ஆங்கிலேய அரசின் குரல். இரண்டாவது கடல் கடந்து ஒலித்த ஆசாத் ஹிந்த் வானொலியின் குரல். மூன்றாவது பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களின் குரல். இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, பரப்புரை எவ்வாறு இயங்குகிறது என்பதை மாணவர்களுக்கு விளக்க ஏற்ற வழியாகும்.

பரப்புரையும் பொய்யும்

பரப்புரை முழுவதும் பொய் என்று கருதுவது பரவலான தவறு. திறமையான பரப்புரை பெரும்பாலும் உண்மையிலிருந்தே தொடங்குகிறது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எந்தப் பெயரால் சொல்வது, எத்தனை முறை சொல்வது என்பவற்றில்தான் அதன் வேலை இருக்கிறது.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 ஆகஸ்டில் ஜெர்மனி நடுநிலை நாடான பெல்ஜியத்தின் மீது படையெடுத்தது. ஜெர்மானியப் படையினர் அங்கே பொதுமக்களைச் சுட்டுக் கொன்றதும் லூவேன் நகர நூலகத்தை எரித்ததும் உண்மை. புதுச்சேரியில் இருந்த பாரதியார், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்தவராக இருந்தும், பெல்ஜியத்தை வாழ்த்திக் கவிதை எழுதினார். ஒரு சிறிய நாட்டுக்கு இழைக்கப்பட்ட அநீதி அவரைத் தொட்டது.

அதே நிகழ்வைப் பிரிட்டிஷ் அரசு வேறு விதமாகப் பயன்படுத்தியது. 1915 மே மாதம் வெளியான பிரைஸ் குழு அறிக்கையில், உண்மையான கொலைகளோடு சரிபார்க்கப்படாத கொடூரக் கதைகளும் இடம்பெற்றன. 1917-இல் ஜெர்மானியர்கள் தம் வீரர்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்ற செய்தி பரவியது. அக்கதைக்கு ஆதாரம் இல்லை என்று பிரிட்டிஷ் அரசே 1925-இல் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இதன் விலை பின்னால் தெரிந்தது. 1942-இல் யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்படும் செய்தி வெளியே வந்தபோது, இதுவும் பழைய பிணக்கொழுப்புக் கதை போன்றதுதான் என்று பலர் நம்ப மறுத்தனர். இம்முறை செய்தி உண்மையாக இருந்தது. பொய்ப் பரப்புரை ஏற்படுத்தும் மிகப் பெரிய கேடு, பின்னால் வரும் உண்மையையும் நம்ப முடியாததாக்கிவிடுவதுதான்.

போர்ச் செய்தி மதுரைக்கு வந்த விதம்

1939 செப்டம்பர் 3 அன்று சுபாஷ் சந்திர போஸ் சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, ஒருவர் மாலை நாளிதழ் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். பிரிட்டன் போரில் இறங்கிவிட்டது என்பதை அவர் அப்படித்தான் அறிந்தார். அதே நாளில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் எவரையும் கலந்துகொள்ளாமல் இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 6 அன்று போஸ் மதுரைக்கு வந்தார். முத்துராமலிங்கத் தேவர் அவரை வரவேற்றார். எனவே போர் தொடங்கிய அந்த வாரத்திலேயே, போரைப் பற்றிய அரசின் கருத்துக்கு மாறான கருத்து மதுரை மேடையில் ஒலித்துவிட்டது.

அரசு விரைவாகச் செயல்பட்டது. இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகளும் நாளிதழ்களைத் தணிக்கைக்கு உட்படுத்தின. போர் முயற்சிக்குத் தீங்கு விளைவிக்கும் செய்தி, வதந்தி, பேச்சு எல்லாம் குற்றமாயின. 1940-இல் காந்தியடிகள் தொடங்கிய தனிநபர் சத்தியாகிரகத்தில், பணமோ ஆளோ தந்து இந்தப் போருக்கு உதவுவது தவறு என்று பொது இடத்தில் சொன்னதற்கே மக்கள் சிறை சென்றனர். முத்துராமலிங்கத் தேவர் 1940-இல் கைதானார். போர்க்காலத்தின் பெரும்பகுதியை அவர் சிறையில் கழித்தார். தேவர் மீதான பேச்சுத் தடையை 'வாய்ப்பூட்டுச் சட்டம்' என்ற பெயரில் இவ்வட்டார மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

பரப்புரையும் தணிக்கையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதை இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு குரலை உரக்க ஒலிக்கச் செய்வதற்கு முன், மற்றக் குரல்களை அடக்க வேண்டியிருக்கிறது.

அரசின் கருவிகள்: வானொலியும் திரையும்

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பட்டன. மதுரை வட்டாரத்துக்கு அருகில் இருந்தது திருச்சி நிலையம். ஆனால் போர் தொடங்கியபோது இந்தியா முழுவதிலும் இருந்த வானொலி உரிமங்கள் ஒரு லட்சத்தை எட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தோரும் குறைவு. பெருந்திரளான மக்களைச் சென்றடைய அரசு திரைப்படத்தை நாடியதற்கு இது முக்கியக் காரணம். எழுத்தறியாதவரும் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்ப்பார்.

1943-இல் அரசு தகவல் படங்களுக்கும் 'இந்தியன் நியூஸ் பரேட்' என்ற செய்திப்படத்துக்கும் தனி அமைப்பை உருவாக்கியது. இவை தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் தயாராயின. பாதுகாப்பு விதிகளின் கீழ், ஒவ்வொரு திரையரங்கும் ஒவ்வொரு காட்சியிலும் இவற்றைத் திரையிட வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டது. அதற்கான வாடகையையும் திரையரங்குக்காரரே கட்ட வேண்டியிருந்தது.

கதைப்படங்களும் இந்த வளையத்துக்குள் வந்தன. படச்சுருள் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வந்ததால் போர்க்காலத்தில் அதற்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மிகக் கூடாது என்று அரசு வரம்பு விதித்தது. பின்னர் படச்சுருளை உரிம முறையில் பங்கிட்டது. அதைப் பெற விரும்பிய தயாரிப்பாளர்கள் போர் ஆதரவுப் படமும் எடுக்க வேண்டிய நிலை வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1945-இல் 'பர்மா ராணி' என்ற படத்தை இயக்கி, அதில் ஜப்பானிய அதிகாரியாகத் தாமே நடித்தார். அதே ஆண்டில் கே. சுப்ரமணியம் 'மானசம்ரட்சணம்' எடுத்தார். இந்தச் சுப்ரமணியம் 1939-இல் எடுத்த 'தியாகபூமி', காந்திய இயக்கத்துக்கு ஆதரவான படம் என்பதால் சில காலம் ஓடிய பின் தடை செய்யப்பட்டது. ஒரே இயக்குநரின் ஒரு படத்தை அரசு தடுத்தது, இன்னொரு படத்தை அரசு விரும்பியது. பார்வையாளருக்குத் திரையில் தெரிந்தது கதை மட்டுமே. அதன் பின்னால் இருந்த படச்சுருள் உரிமம் தெரியவில்லை.

சொல்லாமல் விட்டதும் பரப்புரையின் பகுதிதான். 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் மூண்டு முப்பது லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அரசு அதைப் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1943 ஆகஸ்ட் 22 அன்று தெருவில் மடிந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்ட பிறகே உலகின் கவனம் அங்கே திரும்பியது. பர்மா அரிசி நின்றுபோனதால் சென்னை மாகாணத்திலும் விலையேற்றமும் தட்டுப்பாடும் இருந்தன. வீட்டு உலையே மக்களுக்கு ஒரு செய்தித்தாளாக இருந்தது. அது சொன்னதற்கும் செய்திப்படம் சொன்னதற்கும் இடையே இருந்த இடைவெளியைத் தணிக்கையால் மறைக்க முடியவில்லை.

எதிர்க்குரல்: ஆசாத் ஹிந்த் வானொலி

1941-இல் இந்தியாவை விட்டுத் தப்பிய போஸ், சிங்கப்பூர் வீழ்ந்த சில நாட்களில், 1942 பிப்ரவரி இறுதியில் பெர்லினிலிருந்து தம் சொந்தப் பெயரில் வானொலியில் பேசினார். ஆசாத் ஹிந்த் வானொலி தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் ஒலித்தது. 1943-இல் போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் ஒலிபரப்பு நடந்தது. மலாயாவின் தோட்டத் தொழிலாளர்களான தமிழர்கள் திரளாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி, ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கினார். எதிரி வானொலிச் செய்தியைப் பரப்புவது தண்டனைக்குரியதாக இருந்தும் அச்செய்தி வாய்வழியாகப் பரவியது.

இந்தக் குரல் விடுதலையின் குரல் என்பதால், இதைப் பரப்புரை என்று அழைக்க மாணவர்கள் தயங்குவார்கள். இங்குதான் பாடம் கடினமாகிறது. நோக்கம் நல்லதாக இருந்தாலும், பரப்புரைக்கு உரிய மௌனங்கள் அதிலும் இருக்கும். ஜப்பான் 'ஆசியா ஆசியருக்கே' என்று முழங்கிய அதே காலத்தில், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை நடந்த அந்த வேலையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பெருமளவில் மடிந்தனர். பலவகை ஆசியத் தொழிலாளர்களில் மொத்தம் சுமார் 90,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஜப்பானின் பரப்புரையில் இவர்களுக்கு இடமில்லை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) திரைப்படமும் பிரிட்டிஷ் போர்க்கைதிகளைச் சுற்றியே கதை சொன்னது. இரு தரப்பின் கதைகளிலும் தமிழ்த் தொழிலாளி விடுபட்டுப் போனார்.

மூன்றாவது குரல்: பர்மாவிலிருந்து வந்தவர்கள்

சிங்கப்பூர் தகர்க்க முடியாத கோட்டை என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டது. 1942 பிப்ரவரி 15 அன்று அது வீழ்ந்தது. மார்ச் 8 அன்று ரங்கூனும் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து நான்கு முதல் ஐந்து லட்சம் இந்தியர்கள் வெளியேறியதாகக் கணக்கிடப்படுகிறது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் மலையும் காடும் கடந்து நடந்தனர். பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் பல்லாயிரவர் வழியிலேயே இறந்தனர். ஐரோப்பியருக்கு நல்ல பாதையும் இந்தியருக்குக் கடினமான பாதையும் ஒதுக்கப்பட்டதாக எழுந்த புகாரால், 'வெள்ளையர் பாதை', 'கறுப்பர் பாதை' என்ற சொற்கள் வழக்கில் வந்தன.

மதுரைக்குக் கிழக்கே உள்ள செட்டிநாட்டு ஊர்களுக்கு இது சொந்த வீட்டுச் செய்தி. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில், விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு 1930-களின் இறுதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. அவர்களோடு கணக்கர்களும் சமையற்காரர்களும் கூலித் தொழிலாளர்களும் அங்கே வாழ்ந்தனர். படைகள் ஒழுங்காகப் பின்வாங்குகின்றன என்ற அரசு அறிக்கையைப் படித்தவரின் வீட்டுத் திண்ணையில், அந்தப் பின்வாங்கலில் குடும்பத்தை இழந்தவர் வந்து உட்கார்ந்தார். எந்தக் குரல் நம்பப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அவசியப் பணி இல்லாதவர்கள் சென்னையை விட்டு வெளியேறுமாறு அரசே அறிவுறுத்தியது. ரயில்கள் நிரம்பி வழிந்தன. எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. நேற்று வரை அஞ்ச வேண்டாம் என்றவர்களே இன்று ஊரை விட்டுப் போகச் சொன்னதால், அரசின் சொல்லுக்கு இருந்த மதிப்பு மேலும் தேய்ந்தது.

ஒரு பொய்ச் செய்தியின் நீண்ட நிழல்

1942 மார்ச் இறுதியில், போஸ் விமான விபத்தில் இறந்துவிட்டார் என்ற செய்தியைச் செய்தி நிறுவனங்கள் உலகெங்கும் அனுப்பின. காந்தியடிகள் போஸின் தாயாருக்கு இரங்கல் தந்தி அனுப்பினார். ஆனால் செய்தி பொய். போஸ் வானொலியில் பேசித் தாம் உயிருடன் இருப்பதைத் தெரிவித்தார்.

1945 ஆகஸ்ட் 18 அன்று தைவானில் நேர்ந்த விமான விபத்தில் போஸ் இறந்தார் என்று சில நாட்களில் ஜப்பான் அறிவித்தது. மீண்டும் விமான விபத்து, மீண்டும் செய்தி நிறுவனம். இதைப் பலர் நம்ப மறுத்ததற்கு 1942-இன் அனுபவமும் ஒரு காரணம். போஸ் உயிருடன் இருக்கிறார் என்று முத்துராமலிங்கத் தேவர் 1950-களிலும் பொதுவெளியில் கூறிவந்தார். இந்நிகழ்வை ஆராயப் பின்னாளில் பல விசாரணைக் குழுக்கள் அமைக்கப்பட்டும் ஐயம் முழுமையாக ஓயவில்லை.

தணிக்கை தளர்ந்து, 1945 நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ வழக்கு தொடங்கியபோது மக்கள் கருத்து ஒரே வீச்சில் வெளிப்பட்டது. பல ஆண்டுகள் துரோகிகளாகக் காட்டப்பட்டவர்கள் நாயகர்களாயினர். மதுரை, ராமநாதபுரம் வட்டாரங்களில் 'போஸ்' என்று பெயர் கொண்டவர்கள் இன்றும் ஏராளம். ஆறு ஆண்டு அரசுப் பரப்புரையால் இந்த மதிப்பை அழிக்க முடியவில்லை என்பதற்கு அந்தப் பெயர்களே சான்று.

வகுப்பறையில் கற்பித்தல்

எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு இப்பாடத்தை இரண்டு மூன்று பாடவேளைகளில் நடத்தலாம். வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து, 1942 பிப்ரவரி, மார்ச் மாத நிகழ்வுகளை ஒரு குழு அரசு அறிக்கையாகவும், ஒரு குழு எதிரி வானொலிச் செய்தியாகவும், ஒரு குழு பர்மாவிலிருந்து வந்தவர் வீட்டுக்கு எழுதும் கடிதமாகவும் எழுதச் செய்யலாம். மூன்றிலும் நாளும் ஊரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பின்னர் மூன்றையும் உரக்கப் படித்து, கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. இதைச் சொல்பவர் யார்? இதை நான் நம்பினால் அவருக்கு என்ன கிடைக்கும்?
2. இதில் யாருடைய குரல் விடுபட்டுள்ளது?
3. எதிரிக்கு என்ன பெயர் சூட்டப்பட்டுள்ளது? அப்பெயரை நீக்கிப் படித்தால் என்ன மிஞ்சுகிறது?
4. எந்த உணர்ச்சி தூண்டப்படுகிறது: அச்சமா, சினமா, பெருமையா?
5. இதைத் தனியாகச் சரிபார்க்க வேறு சான்று உண்டா?

சான்றுகளுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரங்கூனிலிருந்து நடந்து திரும்பிய வெ. சாமிநாத சர்மா எழுதிய 'பர்மா வழிநடைப் பயணம்' நேரடி அனுபவம். சிங்கம்புணரியில் பிறந்து, போர்க்காலத்தில் இந்தோனேசியாவில் இருந்து, பின்னர் மதுரையில் வாழ்ந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலில், ஜப்பானிய ஆட்சிக்கால தென்கிழக்கு ஆசியத் தமிழர் வாழ்வைக் காணலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்தவற்றிலிருந்து உருவான சென்னை ஆராய்ச்சி நூலகத்தில் அக்கால இதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் உள்ளன. வீட்டில் பெரியவர்கள் சொல்லும் பர்மாக் கதைகளையும் குறித்துவரச் செய்யலாம். ஆனால் நினைவும் ஒரு சான்றே தவிர முடிந்த உண்மை அன்று. எனவே அவற்றிடமும் இதே ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஆசிரியர் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது, எடுத்துக்காட்டுகள் எல்லாம் எதிரியுடையதாகவே இருந்தால், நம்மவர் செய்வது செய்தி, அவர்கள் செய்வது பரப்புரை என்ற முடிவுக்கு மாணவர் வந்துவிடுவார். இரண்டாவது, எல்லாரும் பொய்யர்கள் என்ற முடிவு. இது அறிவு போலத் தோன்றும் சோம்பல். பெல்ஜியத்தில் மக்கள் கொல்லப்பட்டது உண்மை. சயாம் ரயில் பாதையில் தமிழர் மடிந்ததும் உண்மை. ஐயப்படுவதன் பயன் உண்மையைக் கண்டடைவதே.

இன்றைய நிலை

2009-இல் இலங்கையின் இறுதிப் போரை அந்நாட்டு அரசு மனிதாபிமான மீட்பு நடவடிக்கை என்று அழைத்தது. சுதந்திரமான செய்தியாளர்கள் போர்ப் பகுதிக்கு அனுமதிக்கப்படவில்லை. மக்கள் வெளியேறுவதைத் தடுக்கவில்லை என்று விடுதலைப் புலிகள் கூறினர். 2011-இல் வெளியான ஐ.நா. வல்லுநர் குழு அறிக்கை, இரு தரப்பின் கூற்றுகளுக்கும் மாறான நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளதாகக் கூறியது. பொதுமக்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்றும் அது குறிப்பிட்டது.

2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலின்போது கணினி விளையாட்டுக் காட்சிகளும் பழைய போர்களின் படங்களும் புதியவை போலக் கைபேசிகளில் வலம்வந்தன. கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டதாக இந்தியத் தொலைக்காட்சிகள் சில ஒளிபரப்பியது உண்மையல்ல. இந்தியப் பெண் விமானி ஒருவர் பிடிபட்டதாக எல்லைக்கு அப்பாலிருந்து பரவியதும் உண்மையல்ல.

1943-இல் செய்திப்படத்தைக் காட்ட ஒரு திரையரங்கும் ஒரு சட்டமும் தேவைப்பட்டன. இன்று அந்த வேலையைக் கட்டாயம் ஏதுமின்றி ஒவ்வொருவரும் தம் கைபேசியில் இலவசமாகச் செய்துவிடுகின்றனர். அன்றைய மதுரைவாசி பரப்புரையைக் கேட்பவராக மட்டுமே இருந்தார். இன்றைய மாணவர் அதைப் பரப்புபவராகவும் இருக்கிறார். ஆகவே மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் ஒரு செய்தியை நம்புவதற்கு முன் கேட்பதோடு, அதை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன்பும் கேட்கப் பழக்குவதே இப்பாடத்தின் பயன்.